கையுறை போட்டால் பங்கேற்பு, வாயைத் திறந்தால் இடைஞ்சல்

அந்த வீடியோவைப் பற்றி எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று எங்கள் ஏரியா வாட்ஸாப் குழுவிலும் கைதட்டல் பொம்மையோடு வந்து விழுந்துவிட்டது. "நல்லாக் கேட்டாரு தம்பி" என்று கீழே ஒரு பாராட்டு வேறு. அதனால் எழுதுகிறேன்.

எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சென்னையில் அடையாற்றங்கரை, ஞாயிற்றுக்கிழமைத் தூய்மைப்பணி, மடிப்புக் கலையாத டீசர்ட். கையில் கேரிபேக்கோடு வந்த ஆயாவை நிறுத்தி வைத்து, "நீங்க போட்டுட்டே இருப்பீங்க, நாங்க வந்து அள்ளிட்டே இருக்கணுமா?" என்று அந்தத் தம்பி கேட்கிறார். ஆயா பதில் சொல்ல வாயெடுத்ததும் பின்னணி இசை ஏறிவிடுகிறது. ஹெட்போன் போட்டுக் கேளுங்கள். "குப்பை வண்டி உள்ள வராதுப்பா" என்று சொல்வது கேட்கும். அந்த ஒரு வரியைத்தான் இசையைப் போட்டு அமுக்கியிருக்கிறார்கள். இதற்குப் பெயர் மக்கள் பங்கேற்பாம்.

எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து ஜாபர்கான்பேட்டைதான். ஆற்றைக் காப்பாற்ற மக்கள் வர வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் பங்கேற்பு என்றால் கூப்பிட்டுக் கேட்பது. முடிவெடுக்கும் இடத்தில் நாற்காலி போடுவது. கையுறையும் பச்சைப் பையும் கொடுத்துக் குனியச் சொல்வது பங்கேற்பு இல்லை, சம்பளம் இல்லாத வேலை.

கேட்டால் என்ன கிடைக்கும் என்கிறீர்களா? எங்கள் தெருக்கோடியில் மழைநீர் வடிகால் ஆற்றில் விழும் வாய் ஒன்று இருக்கிறது. மே மாத வெயிலில் போய்ப் பாருங்கள். கறுப்பாக, மேலே சோப்பு நுரை மிதக்க, குறையாமல் ஓடிக்கொண்டிருக்கும். மே மாதத்தில் ஏது மழை? யார் யாரோ சாக்கடையை அதில் இணைத்திருக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரிந்த விஷயம் இது. அதே மாதிரி, ராத்திரியில் விளக்கை அணைத்துவிட்டுக் கரையோரம் வந்து நிற்கும் கழிவுநீர் லாரி. குழாயை எடுத்து ஆற்றுப் பக்கம் போட்டுத் திறந்துவிட்டு, டிரைவர் பீடி பற்றவைப்பார். ஒரு லாரி கொட்டுவதை ஆயாவின் கேரிபேக் ஈடுகட்ட எத்தனை ஜென்மம் எடுக்க வேண்டும்? அந்த லாரியை நிறுத்தி வீடியோ எடுக்க ஏன் ஒரு டீசர்ட்டும் வரவில்லை?

இதையெல்லாம் சொல்லாமல் இல்லை. ஆற்றுத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்புக் கூட்டம் என்று ஒரு கல்யாண மண்டபத்துக்குக் கூப்பிட்டார்கள். போனேன். திரையில் போட்ட படம் முழுக்க ஆங்கிலம். எனக்கு முன்வரிசையில், கரையோரக் குடிசையிலிருந்து வந்த ஒரு அக்கா எழுந்து இந்த வடிகால் வாயைப் பற்றித்தான் கேட்டார். "அதெல்லாம் டெக்னிக்கல்மா, எழுதிக் கொடுங்க" என்றார் மேடையில் இருந்தவர். பிறகு டீ, சமோசா, குரூப் போட்டோ. போட்டோவில் அந்த அக்காவை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"அப்போ குப்பை போடுவது சரி என்கிறாயா?" இல்லை. அடுத்த கேள்வி.

"ஏதோ செய்கிறவர்களையும் செய்ய விடாமல் இப்படிக் குறை சொல்லலாமா?" இது கொஞ்சம் நியாயமான கேள்விதான். ஞாயிறு தூக்கத்தை விட்டுவிட்டு வருகிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களை அழைத்து வருகிறவர்கள் ஆற்றைச் சைதாப்பேட்டைப் பாலத்துக்குக் கீழே மட்டும் காட்டுகிறார்கள் என்பதுதான் கோபம். அடையாறு 42 கிலோமீட்டர். ஆதனூர் ஏரிப் பக்கம் தொடங்கி, முடிச்சூர், வரதராஜபுரம், திருநீர்மலை, அனகாபுத்தூர், மணப்பாக்கம் எல்லாம் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. மணிமங்கலம் மாதிரி மேலே எத்தனையோ ஏரிகள். அவற்றின் உபரிநீர், செம்பரம்பாக்கத்து உபரிநீர் எல்லாம் இதில்தான் சேர்கிறது. அங்கே ஏரி வரத்துக் கால்வாயில் மனை போட்டு விற்றால், இங்கே நம் வீட்டுக்குள் தண்ணீர். விமான நிலையத்தின் இரண்டாவது ஓடுபாதையே ஆற்றுக்கு மேல் பாலம் கட்டித்தான் போகிறது. அதை யாரும் ஆக்கிரமிப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. தார்ப்பாய்க் கூரை போட்டால்தான் ஆக்கிரமிப்பு.

2015 டிசம்பரை நினைத்தால் இன்னும் வயிறு கலங்குகிறது. செம்பரம்பாக்கத்திலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்தார்கள் என்பதெல்லாம் பிறகு பேப்பரில் படித்தது. அன்று ராத்திரி எங்கள் கதவைத் தட்டியது எந்த அதிகாரியும் இல்லை, கரையோரத்து அக்காதான். அவர் வீட்டுக்காரர் ஆற்றைப் பார்த்துவிட்டு வந்து, "இது சாதாரணத் தண்ணி இல்ல, கீழ் வீட்டுக்காரங்களை எழுப்பு" என்றாராம். என் அம்மாவைப் பிடித்து மாடிக்கு ஏற்றியது அவர்கள் பையன். விடியும்போது அவர்கள் குடிசை இருந்த இடமே தெரியவில்லை. அவர்கள்தான் ஆற்றின் நிலவரம் தெரிந்தவர்கள். எந்தக் கூட்டத்தில் அவர்களை முதலில் பேச விட்டீர்கள்?

அவர்களைக் கொண்டுபோய் விட்டது எங்கே என்றால், பெரும்பாக்கத்தில். ஆற்றங்கரையில் இருந்தால் வெள்ளம் வரும் என்று சொல்லி, பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்துக்குப் பக்கத்தில் குடி வைத்தார்கள். அந்தச் சதுப்புநிலத்துக்கு 2022இல் ராம்சார் அந்தஸ்து, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்ற அங்கீகாரம் கிடைத்தது, சந்தோஷம். 2023 புயலில் பெரும்பாக்கத்திலும் தண்ணீர் நின்றது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அக்காவுக்கு வீட்டு வேலை அசோக் நகரில். விடியற்காலை பஸ் பிடித்து வருகிறார். ஆறு சுத்தமாகிவிட்டதா என்று போன மாதம் என்னிடம் கேட்டார். என்ன சொல்வது?

"சட்டத்தில் வழி இல்லையே, என்ன செய்ய?" என்கிறவர்களுக்கு: இருக்கிறது. வார்டு குழு, பகுதி சபை என்று 2022இல் தமிழ்நாடு அரசே விதிகள் போட்டது. கிராம சபை மாதிரி நகரத்துக்கு. வடிகால், குப்பை வண்டி எல்லாம் அங்கேதான் பேச வேண்டும், மினிட்ஸில் ஏற வேண்டும். உங்கள் பகுதி சபை கடைசியாக எப்போது கூடியது, தெரியுமா? ஆற்றுக்காக ஓடும் மராத்தான் தேதி மட்டும் எல்லோருக்கும் தெரிகிறது.

அந்தத் தம்பியைத் திட்டி கமெண்ட் போடாதீர்கள், அது வேண்டாம். அவருக்கு ஆதரவாக என்னைத் திட்ட வருகிறவர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள். வருவதற்கு முன்னால், உங்கள் அபார்ட்மெண்ட் செப்டிக் டேங்க்கை எடுக்க வருகிற லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்று அசோசியேஷன் செயலாளரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். முடிந்தால் அதையும் வீடியோ எடுங்கள். பின்னணி இசை வேண்டாம்.