இலக்கைப் பங்கு போட்டால் போதுமா?
தேசியக் கார்பன் சமநிலை (வெளியிடும் கார்பன் அளவுக்கு ஈடாக உறிஞ்சி நீக்குவது) இலக்கை மாகாணங்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டால் வேலை நடந்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. சரி, சீனாவைப் பாருங்கள். 2060-க்குள் கார்பன் சமநிலை என்று 2020-இல் அறிவித்தார்கள். ஆனால் மாகாணங்களை அளக்கக் கையில் இருந்த முக்கியக் கோல் எரிசக்திப் பயன்பாடுதான், மொத்தக் கார்பன் உமிழ்வு அல்ல. 2021 ஆகஸ்டில் எரிசக்தி இலக்கில் பின்தங்கியதற்காகக் குவாங்தோங், ஜியாங்சு உள்ளிட்ட மாகாணங்களுக்கு மத்திய அரசின் சிவப்பு எச்சரிக்கை வந்தது; அடுத்த மாதமே பல ஆலைகளுக்கு மின்வெட்டு. (நிலக்கரித் தட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது, பழி முழுவதையும் மாகாணங்கள் தலையில் கட்ட முடியாது.) காற்றாலை மின்சாரமும் நிலக்கரி மின்சாரமும் ஒரே கணக்கில் ஏறினால் எந்த அதிகாரிக்குக் காற்றாலை மேல் அக்கறை வரும்? அப்புறம்தான் உமிழ்வையே அளக்கும் முறைக்கு மாறத் தொடங்கினார்கள். அந்த அளவீட்டை மாகாணத்தில் யார் செய்வது, யார் சரிபார்ப்பது என்பதைக் கட்டுரை தொடவே இல்லை.