கையேட்டில் இல்லாத தாமதம்
இன்டரப்ட் கன்ட்ரோலரை (சாதனங்கள் செயலியின் கவனத்தைக் கோரி எழுப்பும் இன்டரப்ட் குறிகைகளைச் செயலிக்குக் கடத்தும் சில்லை) மென்பொருளில் உருவாக்குவோர் சில்லின் கையேட்டை வரிக்கு வரி பின்பற்றினாலே போதும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பதை என்னால் முழுமையாக ஏற்க இயலவில்லை. லினக்ஸில் மெய்நிகர் இயந்திரங்களை இயக்கும் கேவிஎம்மில், ஐஓ ஏபிக் என்னும் இன்டரப்ட் கன்ட்ரோலரைப் போலச் செயல்படும் நிரலையே எடுத்துக்கொள்வோம். சாதனத்தின் கம்பி இன்னும் உயர்நிலையில் இருக்கும்போதே, அதாவது அதன் கோரிக்கை தீராதபோதே, மெய்நிகர் இயந்திரத்தின் உள்ளே ஓடும் இயங்குதளம் ஈஓஐ (இன்டரப்டைக் கையாண்டு முடித்ததற்கான அறிவிப்பு) அனுப்பினால், அதே இன்டரப்டை உடனே மீண்டும் செலுத்துவது விதிப்படி சரிதான். ஆனால் உண்மையான வன்பொருளில் அதற்குச் சற்றே தாமதம் ஆவதால், சாதனத்தைச் சரியாகக் கையாளாத இயங்குதளமும் எப்படியோ தட்டுத்தடுமாறி முன்னேறிவிடுகிறது, மெய்நிகர் இயந்திரத்திலோ அது இன்டரப்ட் வெள்ளத்தில் மூழ்கி உறைந்துபோகிறது. பிழை உள்ளே ஓடும் இயங்குதளத்துடையது என்று கைகழுவாமல், கேவிஎம் நிரலாளர்கள் வன்பொருளின் மந்தத்தையும் சேர்த்தே நகலெடுத்தார்கள். அதுவே சரியான முடிவு என்பேன். 2014இல் சேர்ந்த அத்திருத்தத்தின்படி, இப்படி இடைவிடாமல் 10,000 முறை நிகழ்ந்தால் (அழகான எண் என்று சொல்லமாட்டேன்) அடுத்த செலுத்துதல் நொடியில் நூறில் ஒரு பங்கு தள்ளிப்போடப்படுகிறது.