டிராகனைப் பார்த்தேன், அடுத்தவர் போனில்

வியட்நாமின் ஹனோய் வரைக்கும் போய் நீர்ப் பொம்மலாட்டம் பார்த்தேன் என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது. முக்கால்வாசி பார்த்தது முன்சீட்டுக்காரரின் போன் திரையில்தான். மனுஷன் கையை இறக்கவே இல்லை.

இருட்டில் டிராகன் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு தீப்பொறி கக்கி வருகிறது. சரியாக அந்த நேரம் பார்த்து ஃபிளாஷ்! மூங்கில் தட்டிக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீரில் நின்று, நீருக்கடியில் நீளக் கழியால் அரக்குப் பூசிய மரப்பொம்மைகளை ஆட்டுகிறார்கள். செந்நதிப் படுகையின் வயல்காரர்கள் வளர்த்த கலை. 1121-ஆம் ஆண்டுக் கல்வெட்டிலேயே இதன் பேச்சு வருகிறது. அவ்வளவு காலம் தாங்கியது ஒரு செல்ஃபி ஸ்டிக்கிடமா தோற்க வேண்டும்?

பழைய வியட்நாம் மன்னர் லே லோயிடம், போருக்குக் கிடைத்த மாய வாளை ஆமை திரும்ப வாங்கும் காட்சிக்காகத்தான் காத்திருந்தேன். அந்தக் கதை நடந்த ஏரியைக் காலையில்தான் சுற்றி வந்திருந்தேன். ஆமை வந்தது. ஸ்டிக்கும் இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. தோளைத் தட்டி, இறக்குங்கள் என்று சைகை காட்டினேன். சிரித்துக்கொண்டே, எனக்கும் தெரியட்டும் என்று திரையைச் சாய்த்துக் காட்டுகிறார்!

கடைசியில் ஆட்டக்காரர்கள் ஈரம் சொட்ட வெளியே வந்து தலைவணங்கியபோதுதான் கை இறங்கியது. பேட்டரி தீர்ந்துவிட்டதாம்.