மாஞ்சோலைக்கு மேலே ஒரு மரம் இருக்கிறது
தென்னிந்தியக் காடுகளில் பைன் இன மரங்கள் இயற்கையாகவே கிடையாது, எல்லாம் வெள்ளைக்காரன் நட்டது என்று ஒரு கட்டுரையில் படித்தேன், கொடைக்கானல் பைன் தோப்புக்கு அது சரி, ஆனால் பைனுக்குத் தூரத்துச் சொந்தமான கூம்பு மர வகை ஒன்று நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தானாக வளர்கிறது. நாஜியா வாலிச்சியானா என்று பெயர், பழைய புத்தகங்களில் போடோகார்ப்பஸ் என்றிருக்கும். திருநெல்வேலி மாவட்டத்து மலையில் இருக்கும் மாஞ்சோலை எஸ்டேட்டுக்கு மேலே காக்காச்சி பக்கம் ஒரு தடவை அனுமதி வாங்கி நடந்தபோது கூட வந்த அண்ணாச்சி காட்டித்தான் பார்த்தேன், இல்லையென்றால் சத்தியமாகத் தாண்டிப் போயிருப்பேன், ஏனென்றால் ஊசி இலையே கிடையாது, அகலமான பச்சை இலை, கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால்தான் தெரியும், நடு நரம்பு இல்லாமல் காம்பிலிருந்து நுனி வரை கோடு கோடாக ஓடும். பூவும் பூக்காது, விதை மட்டும்தான். அதைப் பார்த்து வாய் பிளந்து நின்ற நேரத்தில் காலில் ஏழெட்டு அட்டை ஏறிவிட்டது, அது வேறு கதை. தீவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால், நம்ம நாட்டில் இந்த மரத்தை மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் அப்புறம் வடகிழக்கு மாநிலங்களில்தான் பார்க்கலாம், நடுவில் அவ்வளவு தூரத்துக்கு ஒன்றுமில்லை. மாஞ்சோலைக்கு பைக்கில் நேராகப் போய்விடலாமா என்று கேட்பவர்களுக்கு ஒன்று, அது களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம், மணிமுத்தாறு செக்போஸ்டில் வனத்துறை விட்டால்தான் மேலே போக முடியும், முதலில் அதை விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள்.