பாத்திரத்தில் வெட்டிய பெயரைப் படித்துவிட்டு விற்றுவிடுங்கள்

பித்தளைச் சாமான்களைக் கிலோ கணக்கில் எடைக்குப் போடுவதை நம் வீடுகள் நிறுத்த வேண்டும். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறி, தொழிலாளர் வீட்டு வரிசையான லயம் இடிபட்டு, மக்கள் தாமான் எனும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிபோகும்போதெல்லாம் இதுதான் நடக்கிறது. பழைய இரும்பு வாங்கும் லோரி வாசலில் வந்து நிற்கிறது. அண்டா, குடம், தாம்பாளம், குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு எல்லாம் தராசில் ஏறுகின்றன. புது வீட்டில் இடமில்லை, புளி போட்டுத் தேய்க்க யாருக்கும் நேரமில்லை என்கிறார்கள். இரண்டும் உண்மைதான். அதற்காகப் பாட்டி சீராகக் கொண்டுவந்த பாத்திரத்தை வெறும் உலோகத்தின் விலைக்குக் கொடுப்பதா?

லோரியில் ஏறியதெல்லாம் உருக்காலைக்குத்தான் போகிறது என்று நினைத்துவிட வேண்டாம். நல்லதைப் பொறுக்கத் தெரிந்தவர்கள் வழியெங்கும் இருக்கிறார்கள். பொறுக்கியெடுத்தது ஈப்போவின் பழம்பொருள் சந்தைக்கு வருகிறது, பினாங்குக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து இணைய ஏலத்துக்கு ஏறுகிறது.

அண்மையில் அப்படியோர் ஏலப் பட்டியலில் ஒரு பித்தளைக் குடத்தைப் பார்த்தேன். தென்னிந்திய நீர்க்குடம், காலனித்துவக் காலம், கழுத்தில் படிக்க இயலாத எழுத்துகள் என்று ஆங்கிலத்தில் குறிப்புப் போட்டிருந்தார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். சிற்றுளியால் புள்ளி புள்ளியாகக் கொத்திய தமிழ் எழுத்துகள். ஒரு முன்னெழுத்து, ஒரு பெண்ணின் பெயர், அதையடுத்து ஒரு தோட்டத்தின் பெயர். குடத்தைத் தூக்கும்போது கை படுகிற இடம் அது. அதனால் கடைசி இரண்டு எழுத்துகள் மட்டும் மழுங்கியிருந்தன. மற்றவை அத்தனை தெளிவு. நம்மில் எழுத்துக்கூட்டத் தெரிந்த ஒரு குழந்தைகூடப் படித்துச் சொல்லியிருக்கும்.

பெயர் வெட்டுவது நமக்குப் புதிதல்ல. திருமணத்துக்கும் கோயில் பந்திக்கும் இரவல் போன பாத்திரம் மாறிப்போகாமல் வீடு திரும்ப வேண்டும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஏல உலகிலோ அதற்கு வேறொரு மதிப்பு உண்டு. ஒரு பொருள் யாருடையது, எங்கே இருந்தது, எப்படிக் கைமாறியது என்ற கேள்விகளுக்குச் சான்றோடு பதில் இருந்தால், அதே வடிவத்தில் இருக்கும் அநாமதேயப் பொருளைவிட வாங்குபவர் கூடுதலாகக் கொடுக்கத் தயங்குவதில்லை. பெரிய ஏலக்கூடங்களில் சுத்தியல் விழுந்த விலைக்கு மேல் ஏறத்தாழக் கால்வாசியைக் கமிஷனாகக் கட்டுகிறார்கள். அவ்வளவு பணம் புழங்கும் இடத்தில் எந்த ஆவணத்தைத் தேடுகிறார்களோ, அந்த ஆவணம் நம் பாத்திரத்தின் கழுத்திலேயே இருக்கிறது. அதை நாம் படித்துச் சொல்லாமல் தராசில் வைக்கிறோம். சில வியாபாரிகள் பளபளப்புக்காக இயந்திரத்தில் கொடுத்து மெருகேற்றுகிறார்கள். காலம் ஏற்றிய கருமையோடு அந்தப் புள்ளி எழுத்துகளும் போய்விடுகின்றன. எனக்கு மிகவும் வலிப்பது இதுதான். அந்தப் பெண்ணின் பெயர் வேறெந்த இடத்திலும் எழுதப்பட்டிருக்காது. தோட்டத்துத் தொழிலாளர் பெயர்ப் பதிவான செக்ரோல் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது, லயம் இருந்த இடத்தில் செம்பனை நிற்கிறது.

பதிவு என்ன செய்யும் என்பதற்கு ஸ்ரீபுரந்தான் நடராசரைச் சொல்வேன். அரியலூர் மாவட்டத்துக் கோயிலிலிருந்து திருடப்பட்ட அந்தச் சோழர் காலச் செப்புத்திருமேனியை, 2008இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. விற்றவர் காட்டிய உரிமைத் தாள்கள் போலியானவை. கோயிலில் இருந்தபோதே புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள்தாம் அந்த நடராசர் எந்த ஊர்ச் சாமி என்பதை மெய்ப்பித்தன. 2014இல் இந்தியாவிடம் ஒப்படைத்தார்கள். என்றோ யாரோ ஒருவர் நின்று படம் எடுத்ததால் கிடைத்த பலன் அது. நம் தோட்டத்துக் கோயில் மணிக்கும் வாகனத்துக்கும் அப்படியொரு படம் இருக்கிறதா?

கோலகங்சாரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். மகிழ்ச்சி. ஆனால் பால் வெட்டியவர்கள் கையிலிருந்த, பால் பிடிக்கும் மங்கும் மரம் சீவும் உளியும் வாளி சுமக்கும் காண்டாக் கம்பும் எந்தத் தோட்டத்துடையவை என்ற ஒரு வரிகூட இல்லாமல் விலைக்கு வருகின்றன. மங்குகளை மெழுகுவத்தி ஏற்றும் அலங்காரக் கிண்ணங்களாக அடுக்கி விற்பதைப் பார்க்கையில் நெஞ்சு கொதிக்கிறது.

விற்பவர்களை நான் குறை சொல்லவில்லை. பிள்ளையின் படிப்புக்கும் வீட்டுக் கடனுக்கும் பணம் தேவைப்படுகிறது. விற்பதானால் விவரத்தோடு விற்றுவிடுங்கள், நல்ல விலைக்கு விற்றுவிடுங்கள். (ஜப்பானியர் இந்த நாட்டை ஆண்ட காலத்தில் வாழைமரப் படத்தோடு அச்சிட்ட பண நோட்டுகளை மட்டும் பெரிதாக நம்ப வேண்டாம். கணக்கின்றி அச்சடித்துத் தள்ளியதால் பெரும்பாலானவற்றுக்கு விலை குறைவு. வரிசை எண் அச்சிட்ட தொடக்ககால நோட்டுகளுக்குத்தான் மதிப்பு அதிகம்.)

செய்ய வேண்டியது பெரிய வேலை ஒன்றுமில்லை. பாத்திரத்தைத் துலக்காமல் அப்படியே வைத்து, கைவிளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். நேர் வெளிச்சத்தில் தெரியாத புள்ளிகள் நிழல் விழுந்து எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். அடிப்பாகத்தையும் எடுங்கள். பிறகு வீட்டுப் பெரியவரை உட்கார வைத்துக் கேளுங்கள். யாருடைய சீர், எந்த ஊரில் வாங்கியது, நாச்சியார்கோவில் விளக்கா, ரஜூலா கப்பலில் வந்ததா, எந்தத் தோட்டத்தில் எந்த லயத்தில் இருந்தது? அவர் சொன்னதை அவர் பெயரோடு ஒரு தாளில் எழுதி, ஒரு படியைப் பொருளோடு கொடுத்துவிட்டு ஒரு படியை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பொருள் போனாலும் அந்தத் தாள் பேரப்பிள்ளைகளுக்கு மிஞ்சும்.

ஏலம் நடத்துபவர்களிடமும் ஒரு வேண்டுகோள். இந்த நாட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறோம். படிக்க இயலாத எழுத்து என்று குறிப்பு எழுதுவதற்கு முன் எங்களில் ஒருவரிடம் படத்தைக் காட்டுங்கள். சில நிமிட வேலை.

இடம் மாறப்போகும் ஆலயங்களின் நிர்வாகக் குழுவினர் இதைப் படித்தால், பாலாலயத்துக்கு நாள் குறிக்கும்போதே பொருள் பட்டியலுக்கும் ஒரு நாள் ஒதுக்குங்கள். மணி, விளக்கு, திருவாசி, வாகனம், உபயதாரர் பெயர் வெட்டிய தட்டு வரை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வையுங்கள். சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரமென்றால் கேமராவோடு நானே வருகிறேன். உட்பெட்டியில் ஒரு செய்தி அனுப்பினால் போதும்.