ஆங்கிலத்தில் பாடம் நடந்தால் மட்டும் போதாது

“ஆங்கிலத்தில் மருத்துவம் சொல்லித்தரும் எந்த நாட்டில் படித்தாலும் சிங்கப்பூர் திரும்பி டாக்டராகலாம்” என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். தயவுசெய்து இதை நம்பிப் பணம் கட்டிவிடாதீர்கள்.

சிங்கப்பூரில் முதலில் பார்ப்பது பயிற்றுமொழியை அல்ல, பட்டம் தந்த பல்கலைக்கழகத்தை. டாக்டர்களைப் பதிவு செய்யும் சிங்கப்பூர் மருத்துவ மன்றம் ஏற்கும் வெளிநாட்டு மருத்துவப் பள்ளிகளுக்குச் சட்டப்படி ஒரு பட்டியல் உண்டு. 2020 ஜனவரியில் அது 160-லிருந்து 103 ஆகக் குறைந்தது. ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை என்றார்கள். அப்புறமும் பட்டியல் மாறியிருக்கிறது. அதனால் ஏஜெண்ட் காட்டும் பழைய தாள் போதாது; மன்றத்தின் இணையத்தளத்தில் இன்றைய பட்டியலை நீங்களே பாருங்கள். அதில் பெயர் இருந்தாலும் பட்டதாரிகள் முதலில் மேற்பார்வையின்கீழ்தான் வேலை செய்ய வேண்டும்.

இன்னொன்று. பாடம் ஆங்கிலம், சரி. நோயாளி? என் அக்கா மகன் போலந்தில் படித்தான். மூன்றாம் ஆண்டில் கோட்டுப் பையில் ஒரு குட்டி நோட்டு வைத்திருந்தான். முதல் பக்கத்தில் தமிழ் எழுத்தில் “க்ஜே போலி?”. போலந்து மொழியில் எங்கே வலிக்கிறது என்று அர்த்தமாம். வார்டில் பாட்டிகளிடம் அதைக் கேட்கப் பழகவே அவனுக்கு ஒரு வருடம் ஆனது.