நிலையான பதிப்பைக் காக்கிறவர்களும் எங்கள் வட்டை விதானையும்

போன கிழமை என்னிடம் முன்பு படித்த தம்பி ஒருவர் களுவாஞ்சிக்குடியில் இருக்கும் எங்கள் கணினி அறைக்கு வந்திருந்தார். இப்போது வந்தாறுமூலையில் படிக்கிறார். திரையைப் பார்த்ததும், “சேர், இன்னும் டெபியன் 12 தானா? பைதான் 3.11 தானே இருக்கு. இவ்வளவு பழசு பாவிக்கிறது ஆபத்தில்லையா?” என்று கேட்டார். டெபியன் எங்கள் கணினிகளில் ஓடும் லினக்ஸ் இயங்குதளம், பைதான் அதோடு வருகிற நிரல்மொழி. நன்றாகச் சோதித்த பிறகு வெளியிடும் டெபியன் பதிப்பைத்தான் நிலையான பதிப்பு என்கிறோம். அக்கறையோடு கேட்ட கேள்விதான். ஆனால் இரண்டு நாளாக அது என்னை விடவில்லை.

பதிப்பு இலக்கம் பழசு என்றால் உள்ளே இருப்பதும் பழசு என்று பலர் நினைக்கிறார்கள். 2014 ஏப்ரலில் ஹார்ட்பிளீட் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, இணையத் தொடர்பை மறையாக்கம் செய்கிற ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலின் திட்டம் 1.0.1ஜி என்ற பதிப்பில் அதைத் திருத்தியது. டெபியன் 7 பாவித்தவர்கள் அப்டேட் செய்துவிட்டுப் பார்த்தால் அதே 1.0.1இ தான் நிற்கிறது. திருத்தம் வரவில்லையோ என்று குழம்பினார்கள். வந்துதான் இருந்தது. இலக்கத்தின் வாலில் ‘டெப்7யு5’ என்று இருந்ததே அதற்கு அடையாளம். முழுப் பதிப்பையும் மாற்றாமல், ஓட்டையை அடைக்கிற வரிகளை மட்டும் எடுத்துப் பழைய பதிப்புக்குப் பொருந்த வைத்திருந்தார்கள். பேக்போர்ட் என்கிறோமே, அது இதுதான். எங்களைப் போல டேட்டாவை எண்ணிப் பாவிக்கிற இடத்துக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்று சொல்லத் தேவையில்லை.

வேளாண்மை செய்கிற ஊரில் பிறந்தவர்களுக்கு இது புதிதில்லை. போகம் தொடங்கமுன் கூட்டம் வைத்து விதைப்புக்குக் கடைசித் திகதி குறிப்பார்கள். அந்தத் திகதி போன பிறகு, “நல்ல புது நெல் ஒன்று கிடைச்சிருக்கு, நானும் விதைக்கப் போறன்” என்று ஒருவர் வந்தால் வயல்களுக்குத் தண்ணீர் விடுவதைப் பார்க்கிற வட்டை விதானை விடமாட்டார். அவர் ஒருவருக்காகப் பிந்தித் தண்ணீர் விட்டால் மற்றவர்களின் முற்றிய கதிர் ஈரத்தில் நிற்கும், வெட்டு மெசின் வயலுக்குள் இறங்காது. டெபியனில் ஃப்ரீஸ் என்று சொல்வதும், புதிய பதிப்புகளைச் சேர்ப்பதை நிறுத்துகிற இப்படி ஒரு கடைசித் திகதிதான். விதைப்புத் திகதி முடிந்த பிறகு விதானைக்கு இருக்கும் வேலை காலையில் வாய்க்கால் வழியே நடந்து, நண்டு துளைத்த இடத்தைக் கண்டுபிடித்து மண் வைத்து அடைப்பது. அவர் வேலையைச் சரியாகச் செய்கிற வருடத்தில் அவரைப் பற்றி யாருமே கதைப்பதில்லை.

லினக்ஸின் மையப் பகுதியான கேர்னலின் நிலையான பதிப்புகளை 2005 முதல் இதே மாதிரித்தான் காத்து வருகிறார்கள். அவற்றைப் பராமரிக்கிறவர்களில் ஒருவரான கிரெக் குரோவா-ஹார்ட்மன் என்ற பெயரைப் பிள்ளைகள் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். அவர்களின் விதிகள் கடுமையானவை. திருத்தம் உண்மையான கோளாறு ஒன்றைத் தீர்க்க வேண்டும், 100 வரிக்கு மேல் போகக் கூடாது, லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸின் மூலக் கிளையில் முதலே சேர்ந்திருக்க வேண்டும். கடைசி விதிதான் எனக்கு மிகப் பிடித்தது. பழைய பதிப்பில் மட்டும் திருத்திவிட்டுப் போனால், அடுத்த பதிப்புக்கு மாறுகிற அன்று அதே கோளாறு திரும்பி வரும்.

2024 மார்ச்சில் கோப்புகளைச் சுருக்குகிற எக்ஸ்இசட் என்ற சிறிய நிரலில், ரகசியமாக உள்ளே நுழைய ஒரு பின்கதவு வைத்த விஷயம் நினைவிருக்கும். பல வருடம் ஒற்றை ஆளாகப் பராமரித்துக் களைத்துப்போனவரிடம் உதவி செய்கிறேன் என்று வந்தவர், நம்பிக்கையைச் சம்பாதித்த பிறகு செய்த வேலை. 5.6.0, 5.6.1 ஆகிய புதிய பதிப்புகளில் அது இருந்தது. டெபியனின் சோதனைக் கிளை வரை வந்த அது நிலையான பதிப்பைத் தொடவில்லை. அன்று எங்கள் அறையின் 11 கணினிகளும் தப்பியதற்கு, அந்தத் தம்பி கேட்ட ‘பழசு’ தான் காரணம். ஆனால் களைத்துப்போன அந்த ஒரு மனிதரை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் கனக்கிறது. விதானைக்கு வெட்டு முடிந்ததும் ஏக்கர் கணக்கில் நெல் கொடுக்கிறோம். இவர்களுக்கு நாங்கள் என்ன கொடுத்தோம்?

காசுதான் வேண்டும் என்றில்லை. கேர்னலின் ஒவ்வொரு நிலையான வெளியீட்டுக்கும் முன் திருத்தங்களைப் பொதுவில் வைத்து, ஏறக்குறைய 48 மணிநேரம் தருகிறார்கள். யாரும் அதைத் தங்கள் கணினியில் கம்பைல் செய்து, அதாவது மூல நிரலை ஓடக்கூடிய வடிவத்துக்கு மாற்றி, ஓட்டிப் பார்த்து, சரியா பிழையா என்று எழுதலாம். பெரிய நிறுவனங்களிடம் புதிய கணினிகள் நிறைய இருக்கும். எங்களிடம் இருப்பது கோர் டூ டுவோ என்ற பழைய செயலி உள்ள கணினிகள். அந்த வகையில் ஓடுகிறதா என்று பார்த்துச் சொல்ல ஆள் குறைவு, நாங்கள் சொல்லலாம்.

அந்தத் தம்பியிடமும் இதைத்தான் சொன்னேன். ஜன்னல் பக்கத்து இரண்டு கணினிகளை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன். இரவில் கம்பைலுக்குப் போட்டால் விடியும்போது முடிந்திருக்கும். சனிக்கிழமை பின்னேரம் அவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், கூட இருந்து பார்க்க விரும்புகிறவர்களும் வாருங்கள்.